கூடாரத்துக்கு வெளியே சிங்கம், உள்ளே வெந்நீர்ப் பை!

லாட்ஜ் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மூன்று மாடிக் கட்டடம், வாசலில் மினுக்கிக் கொண்டிருக்கும் டியூப் லைட், "டபுள் ரூம் ஒண்ணுதான் இருக்கு சார்" என்று சாவிக் கொத்தைத் துழாவும் மானேஜர். ஆப்பிரிக்காவில் 'சஃபாரி லாட்ஜ்' என்றால் சங்கதியே வேறு. நட்ட நடுக் காட்டில், கம்பி வேலி கூட இல்லாத இடத்தில், தேக்குக் கட்டிலும் பீங்கான் வாஷ்பேசினும் வைத்து உங்களை ராணி மாதிரி கவனித்துக் கொள்கிறார்கள். ராத்திரி உங்கள் அறை வாசலில் நீர்யானை புல் மேயும். அதற்கும் சேர்த்துத்தான் காசு!

காசு என்றால் சாதாரணக் காசு இல்லை. நல்ல லாட்ஜில் ஓர் இரவுக்கு, ஒரு ஆளுக்கு ஐந்நூறு டாலரில் ஆரம்பித்து ஆயிரத்துக்கு மேலேயும் போகிறது. சாப்பாடு, ஜீப், வழிகாட்டி எல்லாம் அதில் அடக்கம். சரணாலயத்துக்குள் நுழைவதற்குத் தனிக் கட்டணம். என் கணவருக்கு நைரோபியில் இரண்டு வாரம் ஆபீஸ் வேலை வந்தது. பிள்ளைகளுக்குக் காலாண்டுப் பரீட்சை லீவு. "இந்தத் தடவை புது சோபா வேண்டாம், ஃப்ரிட்ஜும் இன்னும் ரெண்டு வருஷம் ஓடும்" என்று நானே கணக்குப் போட்டுச் சொன்னதால்தான் மூன்று ராத்திரி மாசாய் மாராவில் தங்க முடிந்தது.

மாமியாருக்கு இது அறவே பிடிக்கவில்லை. "சிங்கம் நடமாடற இடத்துக்கு ஆறு வயசுப் பிள்ளையைக் கூட்டிக்கிட்டுப் போறியாம்மா? எனக்கு அடிவயித்தைக் கலக்குது" என்றார். எனக்கும் கலக்கத்தான் செய்தது. ஆனால் என் பயம் சிங்கத்தைப் பற்றி இல்லை, கொசுவைப் பற்றி!

இதை முதலில் சொல்லி விடுகிறேன். குழந்தைகளோடு ஆப்பிரிக்கக் காட்டுக்குப் போக நினைக்கும் தாய்மார்கள் யானை, சிங்கம் படமெல்லாம் பார்ப்பதற்கு முன்னால் இந்தப் பகுதியைப் படித்துவிட வேண்டும்.

முதலாவது, மஞ்சள் காய்ச்சல் ஊசி. நம் ஊரில் சொல்லும் மஞ்சள் காமாலை வேறு, இது வேறு. இது கொசு கடித்து வருகிற காய்ச்சல். இந்தியாவில் இது கிடையாது. வந்து விடக் கூடாது என்பதில் அரசாங்கம் மகா கண்டிப்பு. கென்யா போன்ற நாட்டுக்குப் போய்த் திரும்புகிறவர்கள் கையில் ஊசி போட்ட சர்டிபிகேட் இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனியே பிரித்து வைத்து விடலாம். ஒன்பது மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தைகளுக்கு மட்டும் விலக்கு. ஊசி போட்டு பத்து நாள் ஆன பிறகுதான் சர்டிபிகேட் செல்லும். ஆகவே கடைசி நேரத்தில் ஓடிப் பிரயோஜனம் இல்லை. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். 2016 ஜூலை முதல் ஒரு தடவை போட்டால் ஆயுசுக்கும் செல்லும் என்று ஆகிவிட்டது. ஆனால் கர்ப்பிணிகள், சின்னக் கைக்குழந்தைக்குப் பால் கொடுப்பவர்கள், முட்டை ஒத்துக் கொள்ளாதவர்கள் எல்லாம் டாக்டரைக் கேட்காமல் இந்த ஊசியைப் போட்டுக் கொள்ளவே கூடாது. என் அபிப்பிராயம், இவர்கள் பிரயாணத்தையே தள்ளிப் போடுவதுதான் நல்லது. காடு எங்கேயும் ஓடிப் போகாது.

இரண்டாவது, மலேரியா. அங்கே உள்ள மலேரியா மூளை வரை தாக்கக் கூடிய மோசமான ரகம். அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு தெரிந்த குளோரோகுயின் மாத்திரை அங்கே எடுபடாது. டாக்டர் வேறு மாத்திரை எழுதிக் கொடுப்பார். போவதற்கு முன்பே ஆரம்பித்து, அங்கே இருக்கும்போது தொடர்ந்து, திரும்பி வந்த பிறகும் சாப்பிட வேண்டும். சில மாத்திரைகள் ஏழு நாள், சில நான்கு வாரம். குழந்தைக்கு எடையைப் பார்த்து அளவு சொல்வார்கள். டாக்ஸிசைக்ளின் எட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆகாது. எங்களுக்குக் கொடுத்த மாத்திரையைப் பாலோடு அல்லது கொஞ்சம் எண்ணெய், நெய் சேர்ந்த ஆகாரத்தோடு சாப்பிட்டால்தான் உடம்பில் நன்றாகச் சேருமாம். ஆகவே சின்னவனுக்கு தினமும் ராத்திரி பாலும் மாத்திரையும் என்று வழக்கமாக்கி விட்டேன். சாயங்காலம் ஆறு மணிக்கே முழுக்கைச் சட்டை, நீளக் கால்சட்டை, கால் உறை. கை கழுத்தெல்லாம் கொசு விரட்டி. அந்தக் கொசு இருட்டினதிலிருந்து விடிகிற வரையில்தான் கடிக்கும்.

மூட்டை கட்டுவதிலும் ஒரு விசேஷம் உண்டு. கென்யாவில் 2017 ஆகஸ்டிலிருந்து பிளாஸ்டிக் பைக்குத் தடை. 2020 ஜூனிலிருந்து சரணாலயங்களுக்குள் ஒரு தடவை உபயோகித்துத் தூக்கிப் போடும் பிளாஸ்டிக் பாட்டில், தட்டு, ஸ்பூன் எதுவுமே கூடாது. நாம் முறுக்கை ஒரு பிளாஸ்டிக் கவரில், ஈரத் துணியை ஒரு கவரில், செருப்பை ஒரு கவரில் என்று போட்டே பழகியவர்கள் அல்லவா? அத்தனையையும் துணிப் பைக்கும் எவர்சில்வர் டப்பாவுக்கும் மாற்றினேன். நைரோபி வில்சன் விமான நிலையத்திலிருந்து மாராவுக்குப் பறக்கும் குட்டி விமானத்தில் ஒரு ஆளுக்கு 15 கிலோதான். அதுவும் கெட்டியான சூட்கேஸ் உதவாது, மடங்குகிற துணிப் பையாக இருக்க வேண்டும். கரு நீலத் துணி வேண்டாம் என்றார்கள். 'செட்சி' என்று மாட்டு ஈயைப் போலக் கடிக்கும் ஈ ஒன்று ஆப்பிரிக்காவில் சில காடுகளில் உண்டு. அதற்கு நீலமும் கறுப்பும் ரொம்பப் பிடிக்குமாம்! ஸ்வெட்டர் கட்டாயம். ஆப்பிரிக்கா என்றால் வெயில் கொளுத்தும் என்று நினைக்காதீர்கள். மாரா நம் ஏற்காடு மாதிரி உயரத்தில் இருக்கிறது. விடியற்காலைக் குளிரில் பல் தந்தி அடிக்கும்.

தேங்காய் எண்ணெய் கலந்த யானைப் பால்

காட்டுக்குப் போவதற்கு முதல் நாள் நைரோபியில் பார்த்த ஒன்றைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. நகரத்தை ஒட்டியே ஒரு தேசியப் பூங்கா. அதன் ஓரத்தில் தாயில்லாத யானைக் குட்டிகளுக்கு ஒரு காப்பகம். 1977ல் டாஃப்னி ஷெல்ட்ரிக் என்ற அம்மாள், காலமான தம் கணவர் டேவிட்டின் பெயரில் தொடங்கியது. தினம் காலை பதினொரு மணியிலிருந்து ஒரு மணி நேரம் பார்க்கலாம். முன்கூட்டிப் பதிவு செய்து கொள்ள வேண்டும்.

தந்தத்துக்காகத் தாய் கொல்லப்பட்டது, கிணற்றில் விழுந்தது, வறட்சியில் கூட்டத்தை விட்டுப் பின்தங்கியது என்று ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு கதை. இரண்டு வயதுக்குள் தாயை இழந்த யானைக் குட்டி பால் இல்லாமல் பிழைப்பது துர்லபம். பசும்பால் கொடுத்தால் வயிற்றுப் போக்கு வந்து செத்துப் போகும். டாஃப்னி அம்மாள் வருஷக் கணக்காக எத்தனையோ மாவுப் பால்களைக் கலந்து பார்த்து, குட்டிகளைப் பறிகொடுத்து, கடைசியில் கண்டுபிடித்தது என்ன தெரியுமா? பசும்பால் கொழுப்புதான் யானைக் குட்டிக்கு எதிரி, தேங்காய்க் கொழுப்பு ஒத்துக் கொள்கிறது! குழந்தைக்குப் பால் பவுடர் ஒத்துக் கொள்ளாமல் டின் டின்னாக மாற்றிப் பார்த்து அழுத அம்மாக்களுக்கு அந்தப் பெண்மணியின் பாடு நன்றாகப் புரியும்.

பால் மட்டும் போதாது என்பதையும் அவர் வலியோடுதான் கற்றுக் கொண்டார். ஆயிஷா என்று ஒரு குட்டியை அவரே ஆறு மாதம் வளர்த்தார். மகள் கல்யாணத்துக்காகச் சில நாள் வெளியூர் போனார். குட்டி பால் குடிப்பதை விட்டு விட்டது. அவர் திரும்பி வந்ததும் அவர் மடியிலேயே உயிர் போயிற்று. 1974ல் நடந்தது இது. அதனால்தான் இங்கே ஒரே ஆளிடம் ஒரு குட்டி ஒட்டிக் கொள்ளாதபடி பராமரிப்பாளர்கள் மாறி மாறிப் பார்த்துக் கொள்கிறார்கள். ராத்திரி குட்டியின் கொட்டகையிலேயே படுக்கிறார்கள். மூன்று மணிக்கு ஒரு தரம் பாட்டில். குளிருக்குக் கம்பளி போர்த்தி விடுகிறார்கள். வளர்ந்த பிறகு சாவோ காட்டில் கொண்டு போய்ப் பழக்கி விடுகிறார்கள். அங்கே காட்டோடு போய்விட்ட பெண் யானைகளில் சில, வருஷங்கள் கழித்துத் தம் சொந்தக் குட்டியோடு வந்து வளர்த்தவர்கள் முன்னால் நிற்கின்றன! "பிறந்த வீட்டுக்குக் கொழந்தையைக் காட்ட வந்திருக்கு" என்றாள் என் பெரிய பெண்.

மூன்று ராத்திரி

வில்சனில் ஏறினால் முக்கால் மணி நேரம். புல்வெளியில் வரிக்குதிரைகளை விரட்டிவிட்டு விமானம் இறங்குகிறது. விமானக் கூடம், பெஞ்சு, ஒன்றும் இல்லை. ஒரு மரம், அதன் கீழே ஜீப், பக்கத்தில் சிவப்புப் போர்வை போட்ட உயரமான மாசாய் மனிதர். அவர்தான் எங்கள் வழிகாட்டி. என்னை "மாமா" என்று கூப்பிட்டதும் பிள்ளைகள் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கென்யாவில் குழந்தை பெற்றவளை அந்தக் குழந்தையின் பெயரோடு சேர்த்து அம்மா என்று அழைப்பதுதான் மரியாதை. அம்மாவுக்கு சுவாஹிலியில் மாமா! உங்கள் பையன் பெயர் முருகன் என்றால் நீங்கள் 'மாமா முருகன்'. அண்ணனுக்கு என்ன தெரியுமோ? காக்கா! சின்னவன் சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறுகிறவரை "காக்கா, காக்கா" என்று கூப்பிட்டு அமர்க்களப்படுத்தி விட்டான். சாய், சப்பாத்தி இரண்டும் அங்கேயும் அதே பேர்தான். வண்டிக்கு 'காரி'. 1896ல் ரயில் பாதை போட இந்தியாவிலிருந்து, முக்கியமாகப் பஞ்சாபிலிருந்து, போன கூலியாட்களும், குஜராத்தி வியாபாரிகளும் விட்டுச் சென்ற ருசி அது. அதனால் நம்மைப் போன்ற சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கு கென்யாவில் சிரமமே இல்லை.

எங்களுக்குக் கிடைத்தது கூடாரம். கூடாரம் என்றால் சர்க்கஸ் கூடாரம் என்று நினைத்துக் கொள்ளாதீர்கள். மரப் பலகை மேடை, அதன்மேல் கித்தான் சுவர், உள்ளே கொசு வலை போட்ட பெரிய கட்டில், எழுதுகிற மேஜை, பின்பக்கம் குளியலறை. சூரிய சக்தியில் விளக்கு. குளிக்க வேண்டுமென்றால் அரை மணி முன்னால் சொல்ல வேண்டும். வெளியே ஒரு ஆள் வெந்நீரைக் கித்தான் வாளியில் ஊற்றிக் கயிற்றால் மேலே தூக்குவார், உள்ளே நாம் சங்கிலியை இழுத்தால் ஷவர்! ஒரு வாளிதான். தண்ணீர்ச் சிக்கனத்தை நம் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுக்க இதைவிட நல்ல வழி இல்லை. துணியெல்லாம் துவைத்து இஸ்திரி போட்டுக் கொடுத்து விடுகிறார்கள். உள்ளாடைகளை மட்டும் தொட மாட்டார்கள். அதற்கென்று குளியலறையில் ஒரு சின்னக் குப்பியில் சோப்புத் தூள் வைத்திருக்கிறார்கள். எனக்கு இது ரொம்பப் பிடித்தது.

சட்டதிட்டங்கள் கடுமை. கூடாரத்தின் ஜிப்பை எப்போதும் மூடி வைக்க வேண்டும். குரங்குகள் நம் ஊர்க் குரங்குகளுக்குச் சளைத்தவை அல்ல. தின்பண்டம் உள்ளே கூடாது. இருட்டிய பிறகு ஈட்டியும் டார்ச்சும் வைத்திருக்கும் காவலாளி வந்து அழைத்துப் போகாமல் ஓரடி வெளியே வைக்கக் கூடாது. அவருக்குப் பெயர் அஸ்காரி. குழந்தைகளைத் தனிக் கூடாரத்தில் விடக் கூடாது. பல லாட்ஜ்களில் ஐந்து, ஆறு வயதுக்குக் குறைந்த குழந்தைகளைச் சேர்ப்பதே இல்லை. இது நியாயம்தான் என்பேன். ஜீப்பில் மூன்று நான்கு மணி நேரம் சத்தம் போடாமல் உட்கார வேண்டும். மூன்று வயதுக் குழந்தைக்கு அது தண்டனை, மற்றவர்களுக்கும் தண்டனை.

முதல் ராத்திரி படுக்கப் போனபோது போர்வைக்குள் என்னவோ சூடாக, மெத்தென்று காலில் பட்டது. சின்னவன் அலறிவிட்டான். எடுத்துப் பார்த்தால் உறை போட்ட வெந்நீர்ப் பை! குளிருக்காகச் சாயங்காலமே படுக்கையில் வைத்து விடுகிறார்கள். அதைக் கட்டிக் கொண்டு அவன் தூங்கிப் போனான். எனக்குத் தூக்கம் வரவில்லை. தூரத்தில் சிங்கம். கர்ஜனை என்று சொல்கிறோமே, அது படத்தில் வருவது போல ஒரே உறுமல் இல்லை. வயிற்றிலிருந்து எக்கி எக்கி வருகிற முனகல். கேட்கக் கேட்கக் குறைந்துகொண்டே போய் அடங்குகிறது. ஆற்றுப் பக்கம் நீர்யானைகள் சிரிக்கிற மாதிரி ஒரு சத்தம். "ஏங்க, முழிச்சிருக்கீங்களா?" என்றேன். "நீ இப்படி அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தரம் கேட்டா எப்படித் தூங்கறது?" என்றார்.

விடியற்காலை ஐந்தரைக்கு காபியும் பிஸ்கட்டும் கூடாரத்துக்கே வரும். ஆறு மணிக்குக் கிளம்பி விட வேண்டும். செப்டம்பர் கடைசி ஆதலால் வில்டபீஸ்ட் கூட்டம் இன்னும் மாராவில் இருந்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மாடு போன்ற மான்கள், புல்லைத் தேடி தான்ஸானியாவின் செரங்கெட்டிக்கும் மாராவுக்கும் வருஷம் முழுக்கச் சுற்றிச் சுற்றி வருகின்றன. பிப்ரவரி வாக்கில் செரங்கெட்டியின் தெற்கே எல்லாத் தாய்களும் இரண்டு மூன்று வாரத்துக்குள் சேர்ந்தாற்போல் ஈனுகின்றன. கன்று பிறந்த சில நிமிஷங்களில் எழுந்து நின்று தாயோடு ஓட வேண்டும். இல்லாவிட்டால் கழுதைப்புலிக்கு இரை. நம் குழந்தைக்குக் கழுத்து நிற்கவே மூன்று மாசம்!

ஆனால் நான் பார்த்துக் கொண்டே இருந்தது ஒரு சிறுத்தையை. புள்ளிச் சிவிங்கிப்புலி, சீட்டா. கறையான் புற்றின் மேல் அம்மா உட்கார்ந்திருக்க, கீழே மூன்று குட்டிகள். சிங்கக் கூட்டத்தில் பெண் சிங்கங்கள் ஒன்றுக்கொன்று ஒத்தாசை. ஒருத்தி குட்டிக்கு இன்னொருத்தி பால் கொடுப்பாள். சீட்டாவுக்கு அப்படி யாரும் இல்லை. அப்பன் எட்டிப் பார்ப்பதில்லை. வேட்டையாடப் போனால் குட்டியைப் பார்த்துக் கொள்ள நாதியில்லை. குட்டியோடு இருந்தால் பட்டினி. ஒன்றரை வருஷம் தனியாகவே வளர்க்க வேண்டும். பிறக்கும் குட்டிகளில் பெரும்பாலானவை பெரிதாவதில்லை. அந்தத் தாய் ஒரு நிமிஷம் கண்ணை மூடும், உடனே திடுக்கிட்டுத் திறந்து நாலா பக்கமும் பார்க்கும். மறுபடி மூடும். ஒரு மிருகத்துக்கு ஐந்து ஜீப்புக்கு மேல் சூழக் கூடாது என்பது விதி. எங்களுக்குப் பின்னால் ஆறாவது வண்டி வந்ததும் எங்கள் வழிகாட்டி பேசாமல் வண்டியைத் திருப்பி விட்டார். "அவளுக்கு வேலை இருக்கிறது, மாமா" என்றார்.

சமையலறையும் மாசாய்ப் பெண்களும்

எந்த ஊருக்குப் போனாலும் எனக்கு அடுப்படியை எட்டிப் பார்க்காமல் இருக்க முடியாது. மூன்றாம் நாள் மத்தியானம் கேட்டேன், மகிழ்ச்சியாக அழைத்துப் போனார்கள். தகரப் பெட்டிக்கு மேலும் கீழும் கரி போட்டு ரொட்டி சுடுகிறார்கள். அந்த ரொட்டிதான் காலையில் நாங்கள் ஆகா ஓகோ என்று சாப்பிட்டது! விருந்தாளிகளுக்குப் பன்னிரண்டு தினுசு. ஊழியர்களின் பானையில் உகாளி, சுகுமா விக்கி. உகாளி நம் களிதான், மக்காச்சோள மாவில் கிண்டுகிறார்கள். சுகுமா விக்கி என்றால் 'வாரத்தைத் தள்ளு' என்று அர்த்தமாம். சம்பளம் வருகிற வரைக்கும் குடும்பத்தை ஓட்டுகிற கீரை! என்ன பொருத்தமான பேர் பாருங்கள். செய்முறை சுலபம்: வெங்காயம், தக்காளி வதக்கி, மெல்லிய நூலாக அரிந்த கீரையும் உப்பும் போட்டு, நிறம் மாறுவதற்குள் இறக்க வேண்டும். அந்தக் கீரை முட்டைக்கோஸின் ஜாதி. நம் ஊரில் நூல்கோல் இலையில் செய்து பார்த்தேன், சப்பாத்திக்கு நன்றாகவே இருக்கிறது. ஒரு பச்சை மிளகாய் சேர்த்தேன். அவர்கள் காரமே போடுவதில்லை.

எங்கள் கூடாரத்தைப் பெருக்கித் துடைத்துப் படுக்கை போட்டவள் ஒரு மாசாய்ப் பெண். இருபத்தைந்து வயசு இருக்கும். கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்தது. சின்னவனின் தலையைத் தடவி, "எனக்கும் ஆறு வயதில் ஒருவன்" என்றாள். பையன் பாட்டியிடம் இருக்கிறான். லாட்ஜ் ஊழியர்கள் தொடர்ந்து ஆறு வாரம் போல வேலை செய்துவிட்டு, இரண்டு வாரம் லீவில் போவார்கள். வருஷம் முழுக்க இப்படித்தான். "போனால் முதல் நாள் என்கிட்டே வர மாட்டான். பாட்டி பின்னால் ஒளிந்து கொள்வான். மூன்றாவது நாள் என்னோடு படுப்பான்" என்று சிரித்துக் கொண்டேதான் சொன்னாள். பள்ளிக்கூடச் சம்பளத்துக்காகத்தான் வந்தாளாம். வெந்நீர்ப் பையை உறையில் போட்டு, அவன் படுக்கிற பக்கமாகப் பார்த்து வைத்தது அவள்தான் என்று அப்போது தெரிந்தது.

அவள் ஊரைப் பார்க்க மறு நாள் போனோம். மாசாய்களின் வீட்டைக் கட்டுவது ஆண்கள் இல்லை, பெண்கள்! குச்சிகளை நட்டு, மண்ணும் சாணமும் குழைத்து அப்பி, மழையில் ஒழுகினால் தானே ஏறிப் பூசி, எல்லாம் அவள் வேலை. பால் கறப்பதும் அவளே. சுரைக்குடுக்கையில்தான் பால் ஊற்றுகிறார்கள். ஆலிவ் மரக் குச்சியைக் கொளுத்தி அதன் கரியால் குடுக்கையின் உட்புறத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்கிறார்கள். பால் சீக்கிரம் கெடாது, ஒரு புகை வாசனையும் சேர்கிறது. நம் பாட்டிமார் தயிர்ச் சட்டியைப் புகை காட்டி வைத்தது எனக்கு ஞாபகம் வந்தது.

மணி வேலைப்பாடும் பெண்களுடையதே. சிவப்பு வீரத்துக்கு, வெள்ளை பாலுக்கு, நீலம் மழை தரும் வானத்துக்கு, பச்சை புல்லுக்கு. மணிகளில் பெரும்பாலானவை செக் நாட்டிலிருந்து வருகின்றன! பேரம் பேசலாம், ஆனால் ரொம்பப் பேசாதீர்கள். காரணம் சொல்கிறேன். சரணாலயத்தைச் சுற்றியுள்ள நிலங்களை மாசாய்கள் லாட்ஜ்காரர்களுக்குக் குத்தகைக்கு விட்டு, மாதா மாதம் வாடகை வாங்குகிறார்கள். நபோய்ஷோ என்ற இடத்தில் 2010ல் ஐந்நூறுக்கும் மேற்பட்ட சொந்தக்காரர்கள் சேர்ந்து இப்படிச் செய்தார்கள். மிருகத்துக்கும் இடம், மனிதருக்கும் வருமானம், நல்ல ஏற்பாடுதான். ஆனால் பட்டா பெரும்பாலும் ஆண்கள் பேரில். வாடகை வீட்டுக்கு எவ்வளவு வந்து சேரும் என்பது வீட்டுக்கு வீடு வேறு. மணி விற்ற காசு மட்டும் நேராக அவள் கைக்கு வருகிறது.

பெண்களுக்கு வேறு கதவுகளும் திறந்திருக்கின்றன. செரங்கெட்டியில் துனியா என்ற முகாமைச் சமையல், காவல், வழிகாட்டல் உள்பட முழுக்கப் பெண்களே நடத்துகிறார்கள். போட்ஸ்வானாவின் சோபே லாட்ஜில் ஜீப் ஓட்டி மிருகம் காட்டும் வழிகாட்டிகள் எல்லாரும் பெண்களே. ஒரு சினிமாச் செய்தி: எலிஸபெத் டெய்லரும் ரிச்சர்ட் பர்ட்டனும் இரண்டாம் தடவையாகக் கல்யாணம் செய்து கொண்டது 1975ல் அந்த சோபே காட்டில்தான்!

ராணிக் கதையும் உண்டு. கென்யாவின் நியேரி பக்கம் 1932ல் ஒரு பெரிய அத்தி மரத்தில் இரண்டு அறைகளோடு 'ட்ரீடாப்ஸ்' என்ற பரண் விடுதி கட்டினார்கள். 1952 பிப்ரவரி 5 ராத்திரி இளவரசி எலிஸபெத் அங்கே தங்கி யானை பார்த்தார். அந்த ராத்திரிதான் இங்கிலாந்தில் சாண்ட்ரிங்ஹாம் மாளிகையில் அவர் தகப்பனார் ஜார்ஜ் மன்னர் காலமானார். மரத்தில் ஏறும்போது இளவரசி, இறங்கும்போது ராணி. அன்றைக்குத் துணைக்கு இருந்தவர் யார் தெரியுமா? நம் குமாவுன் புலிகளைப் பற்றி எழுதிய ஜிம் கார்பெட்! 1947ல் இந்தியாவை விட்டுப் போய் நியேரியில் தம் தமக்கையோடு வாழ்ந்து, 1955ல் அங்கேயே அடக்கமானார். அந்தப் பரணை 1954ல் சுதந்திரப் போராட்டக்காரர்கள் எரித்து விட்டார்கள். 1957ல் திரும்பப் பெரிதாகக் கட்டினார்கள்.

எத்தனை சொகுசு இருந்தாலும், ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்ற கேள்வி தாய்க்கு உள்ளே அரித்துக் கொண்டேதான் இருக்கும். இதற்கு அங்கே நல்ல ஏற்பாடு உண்டு. 1957லிருந்து நைரோபியில் 'பறக்கும் டாக்டர்கள்' சேவை இருக்கிறது. சொற்பக் கட்டணம் கட்டிப் பதிந்து வைத்தால், அவசரத்துக்கு விமானம் வந்து நைரோபிக்குக் கொண்டு போய்விடும். லாட்ஜ் பதிவு செய்யும்போதே இது சேர்ந்திருக்கிறதா என்று கேட்டு விடுங்கள். எங்களுக்கு அதற்கு அவசியம் வரவில்லை.

அவசியம் வீட்டுக்கு வந்த பிறகு வந்தது. ஊர் திரும்பிய ஐந்தாம் நாள் ராத்திரி சின்னவனுக்கு உடம்பு அனலாய்ச் சுட்டது. 102 டிகிரி. மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. விபூதி இட்டுவிட்டு என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். பாராஸிட்டமால் கொடுத்துப் பார்த்து நாலு நாள் காத்திருக்கிற காய்ச்சல் இல்லை இது. ஆப்பிரிக்கா போய் வந்து மூன்று மாசத்துக்குள் காய்ச்சல் வந்தால், மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தாலும், அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று முன்பே டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். ராத்திரியே கிளம்பினோம். டூட்டி டாக்டர், "இப்போ எல்லாக் குழந்தைக்கும் வைரல் ஃபீவர்தான்மா" என்று சீட்டை எடுத்தார். "டாக்டர், நாங்க கென்யா போயிட்டு வந்திருக்கோம், காட்டுல தங்கினோம்" என்றேன். பேனாவைக் கீழே வைத்து விட்டார். உடனே ரத்தம் எடுத்தார்கள்.

ஒரு மணி நேரத்தில் முடிவு வந்தது: மலேரியா இல்லை. ஆனால் முதல் சோதனையில் தப்பி விடலாம், மறுநாள் இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்று படுக்கையில் சேர்த்துக் கொண்டார்கள். அந்த ராத்திரி நான் கண் மூடவில்லை. மூடினால் திடுக்கிட்டு முழிப்பேன், அவன் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். மறுநாளும் இல்லை என்று வந்தது. சாதாரண வைரஸ் காய்ச்சல்தான். மூன்றாம் நாள் வேர்த்து விட்டு விட்டது. "எனக்கு அந்த வெந்நீர்ப் பை வேணும்" என்று நச்சரிக்க ஆரம்பித்தான். மாமியார்தான் மருந்துக் கடைக்குப் போய் ஒன்று வாங்கி வந்து, தம் பழைய நூல் புடவையைக் கிழித்து உறை தைத்துப் போட்டார்.

மலேரியா மாத்திரை அன்றைக்குத்தான் கடைசி. காய்ச்சல்தான் போயிடுச்சே என்று அவர் சொன்னார். பாலைக் காய்ச்சி, அதையும் கொடுத்து முடித்தேன்.